மூணாவது தட்டு

வாம்மா ஜீவிதா, வா. இப்படி என் பக்கத்துல உக்காரு. அய்யய்யோ, அந்த நாற்காலி வேணாம். அத விட்டுடு. அதுக்கு ஆள் இருக்குது. சொல்றேன், சொல்றேன், மொதல்ல உக்காந்து தண்ணி குடி. முகமெல்லாம் வேர்த்திருக்குது பாரு.

உங்கம்மாகிட்ட சொல்லிட்டுத்தானே வந்த? சொல்லலையா? சரி, பரவால்ல. கல்யாணத்துக்கு முன்னாடி மாமியாரும் மருமகளும் தனியா ஓட்டல்ல சந்திச்சிக்கிட்டாங்கன்னு தெரிஞ்சா என்னத்தையாவது நெனைச்சிப்பாங்க. எங்க காலத்துல இதெல்லாம் உண்டா? எங்க மாமியார் மூஞ்சிய நான் தாலி ஏறினப்புறம்தான் சரியா பார்த்தேன். நான் அந்த மாதிரி மாமியார் இல்லம்மா. அதுவும் உனக்குத் தெரியட்டும்னுதான் கூப்பிட்டேன்.

ஆன்ட்டின்னு கூப்பிடாத. அத்தைன்னு சொல்லிப் பழகு.

இந்த மாதிரி எடத்துக்கு நான் வந்ததே இல்ல. நுங்கம்பாக்கத்துல எறங்கி ஆட்டோக்காரன்கிட்ட இத்தாலிக்காரங்க ஓட்டல்னு சொன்னேன், அவன் என் புடவைய ஒரு தரம் பார்த்துட்டுத்தான் வண்டிய எடுத்தான். உள்ள வந்தா ஏசி எலும்பக் குத்துது. பட்டப்பகல்ல இருட்டாக்கி வெச்சி, மேசைக்கு மேசை மெழுகுவத்தி. கரெண்டு பில்லு கட்டலையான்னு கேக்கலாம்னு பார்த்தேன். அப்புறம், சரி, நமக்கும் ஒரு விளக்கு ஆச்சுன்னு விட்டுட்டேன். கற்பூரம் ஏத்தக் கூடாதுன்னு சொல்லிட்டாங்கம்மா. அந்தத் தம்பி தன்மையாத்தான் சொல்லிச்சி, மேல புகைக்கு மணி அடிக்குமாம், தண்ணி கொட்டுமாம்.

நீ அந்த மெனு அட்டைய மூடி வெச்சிடு. நான் ஆர்டர் குடுத்துட்டேன். மூணு தட்டு, மூணும் ஒண்ணேதான். உனக்கா? நீ எது வந்தாலும் சாப்பிடற பொண்ணு, பார்த்தாலே தெரியுது. பொண்ணு பார்க்க வந்த அன்னிக்கே எம் புள்ள தயாளன்கிட்ட சொன்னேன், இந்தப் பொண்ணு வாயைத் தொறந்து இது வேணும் அது வேணும்னு கேக்காது, நம்ம வீட்டுக்குத் தோதான பொண்ணுன்னு. ஹேமாவும் அப்படித்தான் இருந்தா. இருந்தாள்னுதான் நாங்கல்லாம் நெனைச்சோம்.

ஆமா, அந்த நாற்காலி ஹேமாவுக்குத்தான். தயாளன் மொதல் பொண்டாட்டிக்கு.

பயப்படாத. கையக் குடு, ஏன் இப்படி சில்லுன்னு இருக்குது? இதுல பயப்பட ஒண்ணுமில்ல. உங்க பக்கம் பூவாடைக்காரி கும்பிடறது கெடையாதா? கெடையாதா! சரி, கேட்டுக்கோ. கட்டுன புருசன் இருக்கும்போதே, பூவும் பொட்டுமா போன பொம்பள அந்த வீட்டுக்குத் தெய்வம். வீட்டுல ஒரு நல்ல காரியம்னா மொதல்ல அவளுக்குத்தான் புதுப் புடவை, பூ, மஞ்சள், வளையல், அவளுக்குப் பிடிச்ச சாப்பாடு, எல்லாம் வெச்சிப் படைக்கணும். அவ வந்து ஏத்துக்கிட்டு, மனசு குளிர்ந்து போயிடணும். அவ ஏத்துக்கலன்னா அந்தக் காரியத்துல கை வைக்க முடியாது. அதுலயும் இது ரெண்டாங் கல்யாணம். அவ எடத்துக்குத்தானே நீ வர்ற? அவகிட்ட கேக்காம எப்படி?

அவ இன்னும் ஏத்துக்கல ஜீவிதா. அதான் விஷயம். ஆவணி பொறக்கப் போவுது, உங்கப்பா பத்திரிக்கை அடிக்கட்டுமா அடிக்கட்டுமான்னு போன் மேல போன் போடறாரு, நான் ஏன் இழுத்தடிக்கிறேன்னு நீங்கல்லாம் என்னென்னவோ பேசியிருப்பீங்க. இதுக்குத்தான். இன்னிக்கி இந்த எடத்துல அவ ஏத்துக்கிட்டாதான் பந்தக்கால் நட முடியும்.

இத உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு தயாளன் அவன் தலையில என் கைய வெச்சி சத்தியம் வாங்கினான். அவனுக்கென்ன தெரியும், ஆம்பள. பொம்பளைக்குப் பொம்பள மறைச்சிப் பேசி என்னாவப் போவுது?

போன மாசம் ஏரிக்கரையில வெச்சி முறையா அழைச்சோம். பம்பைக்காரர் வந்தாரு, பெரிய ஆளு, திருவள்ளூர் சுத்துவட்டாரத்துல அவரு கை வெச்சா வராத தெய்வம் கெடையாது. நான் விடிகாலையில எழுந்து தலை முழுகிட்டு வடை, பாயாசம், கொழுக்கட்டை, கத்திரிக்காய் காரக்குழம்பு, மொச்சைக் கொட்டைன்னு எல நெறைய படைச்சேன். என் கையால நான் செஞ்சேன். அவ உசுரோட இருந்தப்போகூட நான் அவளுக்காக அவ்வளவு மெனக்கெட்டதில்ல, உண்மையச் சொல்லணும்ல. பம்பை அடிக்க அடிக்க, என் நாத்தனார் மேல வருவாளா, என் மேலயே வருவாளான்னு எல்லாரும் பார்த்துக்கிட்டு நிக்கிறோம். வந்தா. யார் மேல வந்தான்னு நெனைக்கிற?

தயாளன் மேல.

அவன் ஒரு ஓரமா செல்போனப் பார்த்துக்கிட்டு நின்னவன். திடீர்னு கண்ணு மேல சொருகி, ஒடம்பு ஆடி, தலையத் தொங்கப் போட்டுக்கிட்டு உக்காந்துட்டான். பம்பைக்காரர் கேக்கறாரு, ‘யாரும்மா வந்திருக்கிறது, பேரச் சொல்லு’ன்னு. ‘ஹேமாவதி’ங்கறான். எதுக்கு வந்தேன்னு கேட்டா, எம் புள்ள வாயால சொல்றா, ‘பசிக்குது’ன்னு.

எல நெறைய சோறு வெச்சிருக்குது. பசிக்குதாம். சாப்பிடும்மா, எல்லாம் உனக்குத்தான்னு சொல்றாரு. மறுபடியும் அதே வார்த்த. மெதுவா, கெஞ்சறதுகூட கெடையாது, அவ எப்பவும் பேசற அந்தக் கொரல்லயே. சொந்தக்காரங்க அத்தனை பேர் முன்னாடியும் என் மானம் போச்சி. ஒரு வீட்டு மருமக செத்தப்புறம் வந்து பசிக்குதுன்னு சொன்னா, பாக்கறவங்க என்ன நெனைப்பாங்க? நான் என்னமோ பட்டினி போட்டுக் கொன்ன மாதிரி!

பம்பைக்காரர் என்னத் தனியாக் கூப்பிட்டுக் கேட்டாரு, ‘அந்தப் பொண்ணுக்கு உசுரோட இருந்தப்போ என்னம்மா பிடிக்கும்? அத வெச்சீங்களா?’ன்னு.

அவ மாமனாரக் கேட்டேன், ‘எனக்கென்னடி தெரியும், அவதானே போடுவா’ன்னுட்டாரு. தெளிஞ்சப்புறம் தயாளனக் கேட்டேன். ‘எல்லாம் சாப்பிடுவாம்மா’ன்னான். அஞ்சு வருசம் குடும்பம் பண்ணவன்.

நீ என்ன அப்படிப் பார்க்கற? எங்க தப்பா அது? அவ வாயைத் தொறந்து சொல்லியிருக்கணும். எங்க வீட்டுல யாரும் அவள ஒரு நாள் பசியோட விட்டது கெடையாது, அந்த சாமி மேல சத்தியமா சொல்றேன். எல்லாரும் சாப்பிட்டு முடிச்சப்புறம் எப்பவும் தாராளமா மிச்சம் இருக்கும். ஞாயித்துக்கெழமை கறி எடுத்தா நல்லி எலும்பு தயாளனுக்கு, ஈரல் அவங்கப்பாவுக்கு, எனக்குப் பல்லு சரியில்லாததால கொத்துக்கறி, அவளுக்குக் கொழம்பு. கறிய விடக் கொழம்புலதாம்மா சத்தெல்லாம் எறங்கியிருக்கும். அவளும் முகம் சுளிக்காம சாப்பிடுவா. அடுப்படியிலயே நின்னுக்கிட்டு சாப்பிட்டுட்டு அப்படியே பாத்திரத்தத் தேய்ச்சிப் போட்டுடுவா. அப்படி ஒரு சுறுசுறுப்பு.

என்ன கேட்ட? எதனால போனாளா? தயாளன் சொல்லலையா? காய்ச்சல். டெங்குன்னு கடைசியிலதான் சொன்னாங்க. ஒரு தலவலி காய்ச்சல்னா படுத்துக்கற பொண்ணு இல்ல அவ, அதனால எங்களுக்கும் தெரியல. நான் கஞ்சி வெச்சேன், இல்லன்னு சொல்ல முடியாது. வெச்சி, மூடி, அடுப்பு மேலயே வெச்சிருந்தேன். எழுந்து வந்து ஊத்திக் குடிக்கத் தெரியாதா? சாயந்திரம் பார்த்தா கஞ்சி அப்படியே ஆடை கட்டிக் கெடக்குது. சரி, பசியில்ல போலன்னு மாட்டுக்கு ஊத்திட்டேன். ரெண்டு நாளும் அப்படித்தான். ஆஸ்பத்திரியில அந்த டாக்டரம்மா, ‘இவ்வளவு சோர்ந்து போற வரைக்கும் என்ன பண்ணீங்க’ன்னு என்னப் பார்த்துக் கேட்டாங்க பாரு, எனக்கு வந்த கோவம்! வெச்சிக் குடுத்தா சாப்பிட மாட்டேங்கறவங்கள என்ன பண்றது?

சரி, அத விடு. போனவ போனா. போனாளே தவிர போகல, அதுதான் என் தலையெழுத்து.

ஞாயித்துக்கெழம மத்தியானம் எல்லாரும் சாப்பிட்டு, தயாளன் அப்பா டீவி முன்னாடி, அவன் மாடியில. இப்போ நான்தானே கடைசி. அடுப்படியில தட்டப் போட்டுக்கிட்டு உக்காருவேன். உக்காந்து ரெண்டு வாய் வெக்கறதுக்குள்ள பின்னாடி பாத்திரம் சுரண்டற சத்தம் கேக்கும். கரண்டியால அடிச்சட்டிய வழிக்கிற சத்தம். திரும்பிப் பார்த்தா ஒண்ணும் இருக்காது. எலின்னு அவரு சொல்றாரு. எலி கரண்டி புடிக்குமா? நான் சாப்பிடற சத்தம் நின்னா அதுவும் நிக்குது. மறுபடி ஒரு வாய் வெச்சா, மறுபடி சுரண்டுது. சோறு எறங்க மாட்டேங்குதும்மா. எத்தனை ஞாயித்துக்கெழமை அப்படியே தட்ட மூடி வெச்சிட்டு எழுந்திருக்கேன் தெரியுமா? யார்கிட்ட சொல்றது?

அவ அம்மாவுக்குப் போன் போட்டேன். பொண்ணுக்கு என்ன பிடிக்கும்னு பெத்தவகிட்டயே கேட்டுட்டா முடிஞ்சி போச்சின்னு. அந்தம்மா, ‘என் வீட்டுல இருந்த வரைக்கும் என்ன பிடிக்கும்னு எனக்குத் தெரியும். அத நான் செஞ்சி எம் பொண்ணுக்கு இங்கயே படைச்சிக்கிறேன். உங்க வீட்டுல அவளுக்கு என்ன பிடிச்சிருந்துதுன்னு நீங்கதான் சொல்லணும்’னுட்டு வெச்சிடுச்சி. எவ்வளவு திமிர் பாரு.

அப்புறம்தான் இந்த மெர்சி. ஹேமாவோட ஆபீஸ்ல வேலை பார்த்த பொண்ணு. சாவுக்கு வந்து எங்க வீட்டுக்காரங்களவிட அதிகமா அழுதுட்டுப் போச்சே, அதோட நெம்பர தயாளன் செல்லுல தேடி எடுத்துக் கூப்பிட்டேன். அவதான் சொன்னா, ‘வெள்ளிக்கெழம ஆனா ஹேமா இந்த ஓட்டலுக்குத்தான் வருவா ஆன்ட்டி’ன்னு.

வெள்ளிக்கெழம! எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சி. ஏன்னா வெள்ளிக்கெழம அவ விரதம். கொழந்த வேணும்னு மாரியம்மனுக்கு வேண்டிக்கிட்டு, பச்சத்தண்ணி பல்லுல படாம இருக்கறதா சொல்லுவா. எல்லாருக்கும் டிபன் பாக்ஸ் கட்டிக் குடுத்துட்டு வெறுங்கையா ரயிலேறுவா. நான் ஊரெல்லாம் பெருமையாச் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன், எம் மருமக மாதிரி விரதம் இருக்க யாரால முடியும்னு. அவ என்னடான்னா இங்க உக்காந்து காளான் போட்ட பாஸ்தா சாப்பிட்டிருக்கா. கொழந்த எப்படித் தங்கும், நீயே சொல்லு.

தனியாத்தான் வருவாளாம். இந்தத் தூணோரத்து மேசை, அதோ அந்த நாற்காலி. இங்க ஒரு வழக்கம் இருக்குதாம். தட்டக் கொண்டாந்து வெச்சிட்டு, சீஸ் கட்டியக் கையில புடிச்சி மேல துருவுவாங்களாம், நம்ம தேங்கா துருவற மாதிரி. நாம போதும்னு சொல்ற வரைக்கும் நிறுத்த மாட்டாங்களாம். ஹேமா போதும்னு சொல்லவே மாட்டாளாம். அவங்க துருவ துருவ, சும்மா தட்டையே பார்த்துக்கிட்டு சிரிச்சிக்கிட்டு இருப்பாளாம். இதச் சொல்லும்போது மெர்சி போன்லயே அழுதா. சீஸ் துருவுறதுக்குப் போயி யாராவது அழுவாங்களா? எனக்கு வேற மாதிரி பட்டுது. ஆள் பார்க்கத்தான் ஒல்லி, எவ்வளவு ஆசை உள்ள வெச்சிருந்திருக்கா பாரு!

சரி, எப்படியோ துப்பு கெடைச்சுது. பார்சல் வாங்கிட்டுப் போயி வீட்டுல படைக்கலாம்னுதான் மொதல்ல நெனைச்சேன். பம்பைக்காரர்தான் சொன்னாரு, ‘ஆறிப்போனது வேணாம்மா, சுடச்சுட அவ சாப்பிட்ட எடத்துலயே வையி. கூட அந்தப் புதுப் பொண்ணையும் உக்கார வெச்சி, புடவைய அது கையில குடு’ன்னு. இந்தா, இந்தக் கவர்தான், பிரிச்சிப் பாரு. அரக்கு. அவளுக்குன்னு எடுத்தது, கும்பிட்டு முடிச்சதும் நீ வாங்கிக் கட்டிக்கணும். கலரா? அவளுக்கு என்ன கலர் பிடிக்கும்னு... கடைக்காரப் பொண்ணு எடுத்துக் குடுத்துச்சிம்மா.

தட்டு வருது. தள்ளி உக்காரு. தம்பி, மொதல்ல அங்க வைப்பா. அந்தக் காலி நாற்காலிக்கு. இரு, இரு, அடியில இந்த வாழையெல நறுக்கப் போட்டுக்கறேன். இப்போ வை. பூவ நாற்காலி முதுகுல சுத்திட்டேன், மஞ்சக் குங்குமம் தொட்டு வெச்சிட்டேன், நீ தொடைச்சிடாதப்பா. பக்கத்து மேசைக்காரங்க பார்த்தா பார்க்கட்டும். என்னம்மா பெரிய மேசை, நாமளும் காசு குடுத்துதானே சாப்பிடறோம்.

தம்பி, சீஸ். சீஸ் துருவுவீங்களாமே, அத துருவு. எனக்கு வேணாம், இந்தப் பொண்ணுக்கும் அப்புறம் பார்த்துக்கலாம். மொதல்ல அந்தத் தட்டுக்கு.

கண்ண மூடிக்கோ ஜீவிதா. கும்பிட்டுக்கோ. அம்மா ஹேமாவதி, தாயே, உனக்குப் பிடிச்சத உனக்குப் பிடிச்ச எடத்துலயே வெச்சிருக்கேன். ஏத்துக்கிட்டு, வயிறு குளிர்ந்து, இந்தக் கல்யாணத்த நடத்திக் குடுத்துட்டு நல்லபடியா போயிடு. எங்கள விட்டுடு. அடுப்படிய விட்டுடு.

என்னப்பா கேக்கற? போதுமான்னு என்னக் கேக்கறியே, நான் எப்படிச் சொல்றது? படையல்ல வெக்கும்போது நாம போதும்னு சொல்லக் கூடாது. அவ சொல்லணும். நீ துருவு. துருவிக்கிட்டே இரு. போதும்னா அவளே நிறுத்தச் சொல்லுவா.

நீ ஏம்மா கண்ணத் தொறந்த?

இன்னும் போடுப்பா. தட்டு தெரியலன்னா என்ன, எல இருக்குதே, எலயில விழட்டும். பாரும்மா, வெள்ளையா மேல மேல குமியுது, இன்னும் போதும்னு ஒரு சத்தம் வரல. எவ்வளவு பசி இருந்தா... தம்பி கை மாத்தித் துருவுது பாரு. பூ அசைஞ்சிதா இப்போ? ஏசி காத்தா? ஏசி அந்தப் பக்கம் இல்ல அடிக்குது! ஹேமா, சொல்லிடும்மா. ஒரு வார்த்த. உனக்குப் புண்ணியமாப் போவும், ஒரே ஒரு வார்த்த சொல்லிடு.

ஜீவிதா, அந்தத் தம்பி கைய ஏன் புடிக்கற? விடு, விடுன்னு சொல்றேன்ல. கெடுத்துடுச்சே, பாதியில நிறுத்திடுச்சே இந்தப் பொண்ணு! என்ன காரியம் பண்ண?

என்ன கேக்கற? அவ எதுக்கு இங்க வந்தான்னு எனக்குப் புரியலையான்னா? அதத்தானே இவ்வளவு நேரமா சொல்லிக்கிட்டிருக்கேன், பாஸ்தா சாப்பிட வந்தா. நீ என்ன வேற சொல்ற? மெதுவாச் சொல்லு, எனக்கு இந்தக் காது கொஞ்சம் மந்தம். யாராவது பக்கத்துல நின்னு... பக்கத்துல நின்னு? அழாம சொல்லும்மா. பக்கத்துல நின்னு, போதுமான்னு கேட்டுக் கேட்டுப் போடணும்னா? இதுக்கா? இதுக்கு ரயிலேறி வரணுமா? வீட்டுல நான் என்ன...

எங்க எழுந்திருக்கற? கை கழுவவா? நீ இன்னும் ஒரு வாய்கூட வெக்கலையே. சரி, அந்தப் பக்கம் இருக்கும், கேட்டுக்கோ. சீக்கிரம் வா, புடவைய உன் கையில குடுக்கணும். ஹேண்ட்பேக் எதுக்கும்மா? நான் பார்த்துக்க மாட்டேனா?

தம்பி. அந்தப் பொண்ணு எந்தப் பக்கம் போச்சி? வெளியவா? ஆட்டோவுலயா? இல்லப்பா, நீ வேற யாரையோ பார்த்திருப்ப. மஞ்சச் சுடிதார். மஞ்சச் சுடிதாரா ஏறிச்சி? இல்ல, வந்துடும். ஆபீஸ்ல எதாவது கூப்பிட்டிருப்பாங்க. அந்தப் பொண்ணு தட்ட எடுக்காத. மூடி எதாவது இருந்தாக் குடு.

போன் எடுக்க மாட்டேங்குது.

ஹேமா. என்னடி, இப்போ திருப்தியா உனக்கு? உக்காந்த எடத்துலயே உக்காந்துக்கிட்டு அவளத் துரத்திட்ட. நான் உனக்கு என்னடி பண்ணேன்? இந்த முட்டி வலியோட ரெண்டு ரயில் மாறி, முன்னபின்ன தெரியாத எடத்துல, எல்லாரும் சிரிக்க, உனக்குன்னு மஞ்சக் குங்குமத்தோட வந்து நிக்கிறேன். எவ மாமியா இதப் பண்ணுவா? இனி தயாளன் மூஞ்சில எப்படி முழிப்பேன்? அவன் ஒண்ணும் கேக்க மாட்டான். மாடிக்குப் போயிடுவான். அவரு தட்ட எடுத்துக்கிட்டு டீவிக்குப் போயிடுவாரு. யார் வருவா இனிமே அந்த வீட்டுக்கு?

பில்லா தம்பி? அப்புறம் குடுப்பா. இன்னும் சாப்பிடலையே நான்.

ஹேமா, எங்கயும் போயிடாதம்மா. போன்னு சொன்னேன்ல, அதெல்லாம் மனசுல வெச்சிக்காத. நான் சாப்பிட்டு முடிக்கிற வரைக்குமாவது கூட உக்காந்திரு.